ஜோகிச் உட்காரும் பன்னிரண்டு நிமிடம்: மலிவான ஃப்ரீ ஏஜென்ட்டா, டிராஃப்டில் மேலே ஏறுவதா?

2025 ஏப்ரல் 8ஆம் தேதி, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் டென்வர் நகெட்ஸ் தன் பயிற்சியாளர் மைக்கேல் மலோனையும் பொது மேலாளர் கால்வின் பூத்தையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. வழக்கமான சீசன் முடிய மூன்றே ஆட்டங்கள் பாக்கி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அணிக்கு முதல் என்பிஏ பட்டத்தை வாங்கித் தந்தவர்கள் அவர்கள்தான். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது அமெரிக்கப் பத்திரிகைகளில் வெகுநாளாக அடிபட்ட செய்தி. மலோன் அனுபவசாலிகளைக் கேட்டார். பூத், தான் டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில்) எடுத்த இளைஞர்களை ஆடவைக்கச் சொன்னார். பட்டம் வென்ற அணியையே உடைக்கிற அளவுக்கு இந்தக் கேள்வி பெரியது. அதனால் டென்வரையே எடுத்துக்கொண்டு இதைப் பேசிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அணியின் நட்சத்திரம், சென்டராக (வளையத்தருகே நிற்கும் பெரிய ஆளாக) ஆடும் நிகோலா ஜோகிச், ஓர் ஆட்டத்தில் சுமார் 36 நிமிடம் ஆடுகிறார். ஆட்டம் 48 நிமிடம். மீதி 12 நிமிடம் அவர் பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அவர் சேர்த்துவைத்த முன்னிலை கரைந்துபோவதை நகெட்ஸ் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்கிற யாரும் பார்த்திருப்பார்கள். ஜோகிச், ஜமால் முர்ரே, ஆரோன் கார்டன் ஆகியோரின் சம்பளமே அணியின் பணத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. 2025-26இல் ஜோகிச்சுக்கு மட்டும் சுமார் 5.5 கோடி டாலர். லீக் வைத்திருக்கும் சம்பள வரம்போ சுமார் 15.46 கோடி. இந்த நிலையில் ஆறாவது ஆளிலிருந்து ஒன்பதாவது ஆள் வரை எங்கிருந்து கொண்டுவருவது? கையில் இருப்பவை இரண்டு வழி. ஜூலையில் மலிவாகக் கிடைக்கும் ஃப்ரீ ஏஜென்ட்களை, அதாவது எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாத வீரர்களை, பிடிப்பது ஒன்று. ஜூனில் கையிலிருக்கும் பிக்குகளை (டிராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமைகளை) கூட்டிக் கொடுத்து டிராஃப்டில் சில இடம் மேலே ஏறி, வேண்டிய பையனை எடுப்பது இன்னொன்று.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். டிராஃப்டில் ஏலம் கிடையாது, வரிசைதான். இரண்டு சுற்று, முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. முதல் சுற்றில் எடுக்கப்படும் வீரருக்குச் சம்பளம் இடத்தைப் பொறுத்து முன்கூட்டியே நிர்ணயமாகியிருக்கும். முதல் இரண்டு வருடம் உறுதி. மூன்றாவது, நான்காவது வருடம் அவரை வைத்துக்கொள்வதா இல்லையா என்பது அணியின் இஷ்டம். நான்கு வருடம் கழித்தும், வேறு அணி கொடுக்கும் தொகைக்கு ஈடுகொடுத்து வைத்துக்கொள்ளும் உரிமை பழைய அணிக்கு உண்டு. அதாவது நன்றாக ஆடுகிற ஒருவரை நான்கு வருடம் சொற்பச் சம்பளத்தில் வைத்திருக்கலாம். டிராஃப்டின் கவர்ச்சி முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஃப்ரீ ஏஜென்ட் விஷயம் வேறு. வரம்பைத் தாண்டிய அணிக்குச் சில சிறிய சலுகைகள் மட்டுமே உண்டு. சம்பளச் செலவு இன்னும் ஏறி லீக்குக்கு வரி கட்டும் அணி என்றால் 2025-26 கணக்கில் சுமார் 57 லட்சம் டாலர் வரை ஒருவருக்குக் கொடுக்கலாம், அதுவும் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு. இரண்டாம் ஏப்ரன் என்று சொல்லப்படும் 20.78 கோடி டாலர் கோட்டைத் தாண்டிவிட்டால் அதுவும் போயிற்று, லீக் வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கான மினிமம் ஒப்பந்தம் மட்டுமே கொடுக்கலாம். இந்த மினிமத்தில் ஒரு நல்ல விஷயம், பதினைந்து வருட அனுபவசாலியை ஒரு வருட மினிமத்தில் எடுத்தாலும் அணியின் கணக்கில் இரண்டு வருட அனுபவசாலியின் தொகை, சுமார் 23 லட்சம் டாலர்தான் ஏறும். மீதியை லீக் கட்டிவிடும்.

சரி, டென்வர் என்ன செய்தது என்று பார்ப்போம்.

2022 கோடையில் டென்வர் புரூஸ் பிரவுனை எடுத்தது. முதல் வருடத்துக்குச் சுமார் 65 லட்சம் டாலர், இரண்டாவது வருடம் இருப்பதா போவதா என்பது அவர் விருப்பம். புரூக்ளினில் இருந்தபோது கார்டாக (வெளியே நின்று ஆடும் சிறிய ஆளாக) இருந்துகொண்டே பெரிய ஆள் வேலை பார்த்தவர். ஸ்கிரீன் போடுவார், அதாவது எதிராளியை உடம்பால் மறிப்பார், வளையத்தை நோக்கி உருண்டு ஓடுவார். வெளியிலிருந்து எறிவதில் எதிரணிகளுக்குப் பயம் இல்லை, அதனால்தான் விலை ஏறவில்லை. ஆனால் ஜோகிச் பக்கத்தில் அப்படிப்பட்ட ஆள் தங்கம். ஜோகிச் கண் எங்கே பார்க்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் வெட்டி ஓடினால் பந்து தானாகக் கைக்கு வரும். பிரவுனுக்கு அது இயல்பாகவே வந்தது.

2023 இறுதிப் போட்டியின் நான்காவது ஆட்டம் மயாமியில் நடந்தது. நமக்கு ஜூன் 10 சனிக்கிழமை காலை. கடைசிக் கால்பகுதியில் ஜோகிச்சுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்து உட்காரவேண்டியதாகிவிட்டது. ஆறாவது விழுந்தால் ஆட்டத்திலிருந்தே வெளியே. மயாமி ரசிகர்கள் எழுந்து நிற்கிறார்கள், நகெட்ஸ் ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த நிமிடங்களில் முன்னிலை சரியவில்லை. பிரவுன் அன்று பெஞ்சிலிருந்து வந்து 21 புள்ளி எடுத்தார், அதில் 11 கடைசிக் கால்பகுதியில். 108-95. மூன்று நாளில் கோப்பை கைக்கு வந்துவிட்டது. அதே பிளே ஆஃபில் ஜோகிச் ஓய்வெடுத்த நிமிடங்களில் சென்டராக நின்றவர் 36 வயது ஜெஃப் கிரீன். அவரும் சிறிய ஒப்பந்தத்தில் வந்தவர்தான்.

மலிவான ஃப்ரீ ஏஜென்ட்டுக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் கிடையாது. ஆனால் அடுத்த மாதமே அதன் மறுபக்கமும் தெரிந்தது. ஒரே வருடம் அணியில் இருந்தவருக்கு முந்தைய சம்பளத்தைவிட இருபது சதவீதம் மட்டுமே கூட்டிக் கொடுக்க முடியும் என்பது விதி. டென்வரால் பிரவுனுக்குக் காட்ட முடிந்தது சுமார் 78 லட்சம். இந்தியானா காட்டியது இரண்டு வருடத்துக்கு 4.5 கோடி. யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். கிரீன் ஹூஸ்டனுக்குப் போனார். பட்டம் வென்ற பெஞ்சின் இரண்டு தூண்களும் ஒரே கோடையில் காணாமல் போயின, கைம்மாறாக டென்வருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இங்கேதான் பூத்தின் வாதத்துக்கு வலு வந்தது. வருடா வருடம் வாடகைக்கு ஆள் பிடித்தால் நன்றாக ஆடியவன் போய்விடுவான், மோசமாக ஆடியவன் மிஞ்சுவான். அதற்கு டிராஃப்டில் எடுத்து நாமே வளர்த்தால் நான்கு வருடம் நம்மிடம் இருப்பான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கையில் ஆதாரமும் இருந்தது. 2022 டிராஃப்டில் 21வது இடத்தில் எடுத்த கிறிஸ்டியன் பிரவுன் முதல் வருடத்திலேயே இறுதிப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் எட்டில் ஏழு எறிதலைப் போட்டு 15 புள்ளி எடுத்தார். 2024-25இல் ஐவரில் ஒருவராகத் தொடங்கி ஆட்டத்துக்குச் சராசரியாக 15 புள்ளிக்கு மேல். அந்த வருடம் அவர் சம்பளம் 30 லட்சம் டாலரை ஒட்டி. பிறகு 2025 அக்டோபரில்தான் ஐந்து வருடம், 12.5 கோடி என்ற பெரிய ஒப்பந்தம் கிடைத்தது.

ஆனால் கிறிஸ்டியன் பிரவுன் டிராஃப்டில் மேலே ஏறி எடுத்த ஆள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது டென்வரின் சொந்த இடம். வரிசையில் நின்றார்கள், முறை வந்தது, எடுத்தார்கள். ஜோகிச் 2014இல் 41வது, முர்ரே 2016இல் 7வது, மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் 2018இல் 14வது. இவர்களில் யாருக்காகவும் டிராஃப்டில் மேலே ஏற விலை கொடுக்கவில்லை. டிராஃப்டை நம்புவது வேறு, டிராஃப்டில் மேலே ஏற விலை கொடுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் இந்த விவாதத்தில் நடக்கும் பெரிய தப்பு.

2024 ஜூனில் டென்வர் மேலே ஏறியது. கையில் 28வது இடம் இருந்தது. டேட்டன் பல்கலைக்கழகத்தின் டரான் ஹோம்ஸ் மேல் கண். அவர் 28 வரை தங்கமாட்டார் என்று நினைத்து, ஃபீனிக்ஸிடம் 28, 56 ஆகிய இடங்களையும் வருங்கால இரண்டாம் சுற்று பிக் இரண்டையும் கொடுத்து 22வது இடத்தை வாங்கினார்கள். ஜோகிச் உட்காரும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கான ஆள் என்பதுதான் எண்ணம். ஜூலையில், சம்மர் லீக் என்ற இளைஞர்களுக்கான கோடைப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே ஹோம்ஸுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. முழு சீசனும் போயிற்று. 28வது இடத்தில் ஃபீனிக்ஸ் எடுத்த ரையன் டன் அந்த வருடமே அங்கே தொடர்ந்து ஆடினார்.

காயத்தை வைத்து இந்த முடிவைத் தப்பென்று சொல்லமாட்டேன். அந்தப் பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர் நன்றாக வரவேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் காயமே படாமல் இருந்திருந்தாலும் கேள்வி மாறாது. ஒரு பேக்கப் (மாற்று) சென்டருக்காக, அதுவும் இருபதுகளின் நடுவில் ஆறு இடம் நகர, நான்கு பிக் கொடுப்பது சரியா? டிராஃப்டில் முதல் நாலைந்து இடங்களுக்கு இடையில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். பத்துக்கு மேல் போகப் போக அது குறைந்துகொண்டே வரும். 22இல் எடுக்கும் ஆளுக்கும் 28இல் எடுக்கும் ஆளுக்கும் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அந்த அணியின் சொந்த நம்பிக்கைதான். டென்வரே இதற்குச் சாட்சி. 2020இல் இதே 22வது இடத்தில் இதே மாதிரி ஒரு இளம் பெரிய ஆளை, ஸீக் நாஜியை, எடுத்தார்கள். 2023இல் அவருக்கு நான்கு வருடம், 3.2 கோடி டாலர் ஒப்பந்தமும் கொடுத்தார்கள். பிளே ஆஃபில் மலோன் அவரை நம்பி இறக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். டிராஃப்டில் எடுத்தவன் மலிவு என்கிற பேச்சு முதல் நான்கு வருடத்துக்குத்தான் செல்லும்.

இதற்குச் சமமாக மலோன் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும், அதுவும் சுத்தமில்லை. 2023இல் புரூஸ் பிரவுன் போனதும் ரெஜி ஜாக்சனுக்கு இரண்டு வருடம், சுமார் ஒரு கோடி டாலர். 82 ஆட்டமும் ஆடினார், மறுக்கவில்லை. ஆனால் பிளே ஆஃபில் பங்கு சுருங்கிவிட்டது. அடுத்த கோடையில் அவர் சம்பளத்தைக் கணக்கிலிருந்து கழிக்க, மூன்று இரண்டாம் சுற்று பிக்குகளைச் சேர்த்து சார்லட்டுக்கு அனுப்பினார்கள். மலிவான ஒப்பந்தம் கடைசியில் மூன்று பிக் விலையில் முடிந்தது. அதற்குப் பிறகு டாரியோ ஷாரிச். வரி கட்டும் அணிக்கான அந்தச் சலுகையை முழுதாக அவருக்கே கொடுத்தார்கள், இரண்டு வருடத்துக்கு. இருபது ஆட்டம்கூட ஆடவில்லை.

ஒரே கோடையில், 2024இல், ஹோம்ஸுக்காக இரண்டு, ஜாக்சனைக் கழிக்க மூன்று என்று ஐந்து வருங்கால இரண்டாம் சுற்று பிக்குகள் போயின. 56வது இடம் தனி. பார்க்க அற்பமாகத் தெரியும், ஏனென்றால் இரண்டாம் சுற்றில் வருபவர்களில் பெரும்பாலோர் நிலைப்பதில்லை. ஆனால் வரி கட்டும் அணிக்கு இவைதான் சில்லறைக் காசு. பிப்ரவரியில் ஒரு நல்ல பெஞ்ச் ஆளைப் பேரம் பேசவும், வேண்டாத ஒப்பந்தத்தைத் தள்ளிவிடவும் இதுதான் கையில் இருக்கும். முதல் சுற்று பிக் ஏற்கெனவே பல வருடத்துக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. 2022இல் பெய்டன் வாட்சனை எடுக்க 30வது இடத்தை ஓக்லஹோமா சிட்டியிடம் வாங்கியபோதே 2027 பிக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

2025 மே 18. அரையிறுதிக்கு முந்தைய சுற்றின் ஏழாவது ஆட்டம். ஓக்லஹோமா சிட்டி 125, டென்வர் 93. கார்டன் தொடைத் தசை கிழிந்த நிலையிலும் இறங்கி ஆடினார், அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எதிரணிப் பெஞ்சிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். நம் பக்கம் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஆள் இல்லை.

அந்த சீசனில் டென்வர் பெஞ்சில் உருப்படியாக ஆடியவர் யார் என்றால் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். மினிமத்தை ஒட்டிய சம்பளம், 13 புள்ளிக்கு மேல் சராசரி. பந்தைக் கோட்டைவிடுவார், அவசரப்படுவார், எல்லாம் உண்மைதான். ஆனால் ஆட்டம் மந்தமாகப் போகும்போது ஓடிவந்து உயிர் கொடுத்தார். சுமார் 33 லட்சம் டாலருக்கு இதற்கு மேல் என்ன கேட்பது? ஒரு வருட மினிமம் என்றால், சரிப்படவில்லை என்றாலும் வருடம் முடிந்தால் அவரவர் வழி. மினிமம் ஒப்பந்தத்தின் பெரிய பலம் இது. தோற்றாலும் சுமை இல்லை. ஜாக்சனும் ஷாரிச்சும் சுமையாக மாறியதற்குக் காரணம் அவர்கள் ஃப்ரீ ஏஜென்ட் என்பதல்ல, மினிமத்துக்கு மேல் இரண்டாவது வருடமும் கொடுத்ததுதான்.

பூத் போனபின் வந்த நிர்வாகம் 2025 கோடையில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெளிவு. டிம் ஹார்டவே ஜூனியர் மினிமத்தில். புரூஸ் பிரவுன் மினிமத்தில் திரும்பி வந்தார். இந்தியானா, டொராண்டோ, நியூ ஆர்லியன்ஸ் என்று சுற்றிவிட்டு, 65 லட்சத்துக்கு வந்து பட்டம் வாங்கித் தந்தவர் அதற்கும் குறைவாக அதே சட்டையைப் போட்டார். ஷாரிச்சைக் கொடுத்து சாக்ரமெண்டோவிடம் யோனாஸ் வலன்சியூனஸை வாங்கினார்கள். வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த நிஜமான பேக்கப் சென்டர், டிராஃப்டில் ஒரு இடம்கூட ஏறாமல் கிடைத்தார்.

அப்படியானால் டிராஃப்டில் மேலே ஏறுவது எப்போதுமே வீணா? இல்லை. டென்வரின் பழைய கணக்கையே திறந்து பார்த்தால் எப்போது சரி, எப்போது தப்பு என்பது கிடைத்துவிடும்.

2013இல் டென்வரிடம் 27வது இடம் இருந்தது. யூட்டா 46வது இடத்தையும் கொஞ்சம் ரொக்கத்தையும் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. வந்தவர் ரூடி கோபேர். 2017இல் 13வது இடம். யூட்டா டிரே லைல்ஸையும் 24வது இடத்தையும் கொடுத்து வாங்கியது. வந்தவர் டானவன் மிட்சல், முதல் வருடமே 20 புள்ளிக்கு மேல் சராசரி. லைல்ஸ் இரண்டு வருடம் டென்வரில் இருந்துவிட்டுப் போனார், 24இல் எடுத்த டைலர் லிடன் ஆடியதே அரிது. நகெட்ஸ் ரசிகர்களுக்கு இந்த இரண்டு பெயரும் இன்றுவரை உறுத்தல். ஐந்து வருடம் கழித்து மிட்சலை கிளீவ்லண்டுக்குக் கொடுத்தபோது யூட்டாவுக்கு லௌரி மார்க்கனென் உட்பட மூன்று வீரர்களும் மூன்று முதல் சுற்று பிக்குகளும் கிடைத்தன.

இன்னொன்று 2018. கிளிப்பர்ஸிடம் 12வது இடம் இருந்தது. சார்லட்டிடம் 11. ஒரே ஒரு இடம் ஏற, இரண்டு இரண்டாம் சுற்று பிக் கொடுத்தார்கள். வந்தவர் அப்போது 19 வயது ஷே கில்ஜஸ் அலெக்ஸாண்டர். ஒரு வருடத்தில் அவரையும் ஐந்து முதல் சுற்று பிக்குகளையும் கொடுத்துத்தான் பால் ஜார்ஜை வாங்கினார்கள். வாங்கிய வினை என்ன என்பது 2025இல் தெரிந்தது. அலெக்ஸாண்டர் அந்த சீசனின் சிறந்த வீரர், இறுதிப் போட்டியின் சிறந்த வீரர், ஓக்லஹோமா சிட்டி சாம்பியன். ஆனால் 2018 ஜூன் இரவில் கிளிப்பர்ஸ் கொடுத்த விலையை மட்டும் பாருங்கள், அதைவிட மலிவாக யாரும் ஒரு நட்சத்திரத்தை வாங்கியிருக்க முடியாது.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பவை இரண்டு. கொடுத்த விலை சின்னது. வாங்க நினைத்த ஆள் ஆட்டத்தையே மாற்றக்கூடிய வகை, அதாவது ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் மலிவாகக் கிடைக்கவே கிடைக்காத வகை.

மறுபக்கம் 2014. சிகாகோ 16, 19 ஆகிய இரண்டு இடங்களை டென்வருக்குக் கொடுத்து 11வது இடத்துக்கு ஏறியது. கிரைட்டன் பல்கலைக்கழகத்தின் டக் மெக்டெர்மட்டுக்காக. கல்லூரி ஆட்டத்தில் அந்த வருடத்தின் சிறந்த வீரர், தூரத்திலிருந்து எறிவதில் கெட்டி. முதல் வருடம் 36 ஆட்டம், சராசரி 3 புள்ளி. மூன்றாவது வருடத்தில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர் நல்ல எறிவீரராக நீண்ட நாள் ஆடினார். 2018இல் இந்தியானா அவரை ஃப்ரீ ஏஜென்ட்டாகவே எடுத்தது, மூன்று வருடத்துக்கு 2.2 கோடி டாலர். கவனியுங்கள், சிகாகோ இரண்டு முதல் சுற்று பிக் கொடுத்து வாங்கிய அதே ஆள், வளர்ந்த நிலையில், பிக் எதுவும் கொடுக்காமல் கடையில் கிடைத்தார்.

டென்வர் அந்த இரண்டு இடத்தில் யூசுஃப் நுர்கிச், கேரி ஹாரிஸ் இருவரையும் எடுத்தது. ஹாரிஸ் பல வருடம் ஐவரில் ஒருவராக ஆடினார். 2021 மார்ச்சில் ஹாரிஸையும் ஆர்.ஜே. ஹாம்டனையும் ஒரு முதல் சுற்று பிக்கையும் ஆர்லாண்டோவுக்குக் கொடுத்து ஆரோன் கார்டனை வாங்கினார்கள். கார்டன் இல்லாமல் 2023 கோப்பை இல்லை. டென்வரின் பட்டத்துக்கு ஒரு செங்கல், சிகாகோ மேலே ஏறியபோது கீழே விட்டுச்சென்ற 19வது இடம். இதைப் படித்தபிறகும் அதே டென்வர் 2024இல் ஒரு பேக்கப் ஆளுக்காக மேலே ஏறியது என்றால் ஆதங்கமாக இருக்காதா?

மலிவான ஃப்ரீ ஏஜென்ட் என்றதும் முப்பத்தைந்து வயதுக்காரர்கள் மட்டும் நினைவுக்கு வரவேண்டாம். அந்த வார்த்தைக்குள் இன்னொரு கூட்டமும் இருக்கிறது, டிராஃப்டில் யாரும் எடுக்காத பையன்கள். அவர்களும் சட்டப்படி ஃப்ரீ ஏஜென்ட்தான். 2019இல் லூகென்ட்ஸ் டோர்ட்டை அறுபது இடத்திலும் யாரும் எடுக்கவில்லை. ஓக்லஹோமா சிட்டி அவரை டூ-வே ஒப்பந்தத்தில் பிடித்தது. அது மேல் லீக்கான என்பிஏவுக்கும் அதன் கீழ்நிலை லீக்கான ஜி லீக்குக்கும் இடையில் போய்வரும் ஏற்பாடு, அணிக்கு இப்போது மூன்று பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அடுத்த வருடம் நான்கு வருடத்துக்குச் சுமார் 1.5 கோடி டாலர். டிராஃப்டில் கிடைக்கும் அதே நீண்ட கட்டுப்பாடு, பிக் செலவில்லாமல். 2025இல் தடுப்பாட்ட முதல் அணியில் அவர் பெயர் இருந்தது, கையில் கோப்பையும் இருந்தது. ஆஸ்டின் ரீவ்ஸ் பக்கம் வேறு மாதிரி. 2021இல் இரண்டாம் சுற்றில் போவதைவிட அணியைத் தானே தேர்ந்தெடுப்பது மேல் என்று டிராஃப்டைத் தவிர்த்து லேக்கர்ஸுக்குப் போனவர்.

2023 இறுதிப் போட்டியில் டென்வருக்கு எதிரே நின்ற மயாமி இந்த வழியில் எல்லாரையும்விட முன்னே போனது. கேப் வின்சென்ட், மேக்ஸ் ஸ்ட்ரூஸ், கேலப் மார்ட்டின், டங்கன் ராபின்சன், எல்லாரும் டிராஃப்டில் எடுபடாதவர்கள். அதற்கு முந்தைய சுற்றில் பாஸ்டனுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் வின்சென்ட் 29 புள்ளி, ஏழாவது ஆட்டத்தில் மார்ட்டின் 26. அந்தக் கோடையே வின்சென்ட்டும் ஸ்ட்ரூஸும் வேறு அணிகளின் பெரிய தொகைக்குப் போய்விட்டார்கள். ஆனால் அதற்குள் மயாமி அவர்களை வைத்துச் சில வருடம் ஆடிவிட்டது, ஒரு பிக்கும் செலவழிக்காமல்.

ஆகவே என் முடிவு இது. டென்வர் மாதிரி உச்சியில் ஒரு நட்சத்திரம் இருந்து, பணம் தீர்ந்துபோன அணி, ஆறு முதல் ஒன்பதாவது ஆள் வரை ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில்தான் தேடவேண்டும். இந்த இடத்தில் மலோன் சொன்னதே சரி. இருபதுகளில் சொந்த பிக் இருந்தால் அந்த இடத்திலேயே நின்று எடுக்கவேண்டும், எடுத்தவனைப் பொறுமையாக ஆடவும் விடவேண்டும். அதில் பூத் சொன்னது சரி. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசியிருந்தால் 2024 கோடை வேறு மாதிரி போயிருக்கும்.

ஒப்பந்தத்தில் மட்டும் கவனம் வேண்டும். வயதானவர் என்றால் ஒரு வருடம், மினிமம், அதற்கு மேல் ஒரு டாலர் வேண்டாம். 27 வயதுக்குக் கீழ் என்றால் நேர்மாறு. இரண்டு வருடம் கேட்கவேண்டும், இரண்டாம் வருடத்தை வீரர் விருப்பத்துக்கு விடவே கூடாது. இரண்டு வருடம் அணியில் இருந்துவிட்டால் பழைய சம்பளத்தில் 175 சதவீதம் அல்லது லீக் சராசரியைக் கொஞ்சம் தாண்டிய தொகை, இதில் எது அதிகமோ அதிலிருந்து ஆரம்பித்துக் கொடுக்கலாம். புரூஸ் பிரவுனுக்கு அந்த இரண்டாவது வருடம் அவர் கையில் இல்லாமல் இருந்திருந்தால் 2023-24இலும் டென்வரில்தான் ஆடியிருப்பார். இந்த ஏற்பாடும் எப்போதும் காப்பாற்றும் என்று சொல்லமுடியாது. ஐசயா ஹார்ட்டன்ஸ்டைன் இரண்டு வருடம் நியூயார்க்கில் இருந்தும், அவர்களால் கொடுக்க முடிந்தது நான்கு வருடத்துக்கு 7.25 கோடி. ஓக்லஹோமா சிட்டி மூன்று வருடத்துக்கே 8.7 கோடி கொடுத்துக் கொண்டுபோனது. ஆனால் இரண்டு வருடம் ஆடவைத்தார்கள் அல்லவா, 1.6 கோடி டாலருக்கு அது குறைச்சல் இல்லை.

மேலே ஏறுவதற்கு நான் வைக்கும் எல்லை கறாரானது. அடுத்த வருடத்து முதல் சுற்று பிக்கை, அதுவும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், அதாவது அது எவ்வளவு முன்வரிசை இடமாக விழுந்தாலும் கொடுத்தே ஆகவேண்டும் என்று கேட்டால் பேச்சே வேண்டாம். 2025இல் நியூ ஆர்லியன்ஸ் 23இலிருந்து 13க்கு ஏற அட்லாண்டாவுக்கு அதைத்தான் கொடுத்தது, முந்தைய சீசனில் 21 ஆட்டம் மட்டுமே வென்றிருந்த அணி. எடுத்த டெரிக் குவீன் திறமையான பையன். அவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த விலையை நான் கொடுத்திருக்கமாட்டேன். பேக்கப் சென்டர், மூலையில் நின்று எறிபவர், தடுப்பாட்டக்காரர் என்றால் ஆறு இடம் ஏற இரண்டாம் சுற்று பிக் ஒன்றுகூடத் தரமாட்டேன். பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தக்கூடிய இருபது வயதுப் பையன் எல்லாரும் நினைத்ததைவிடக் கீழே வழுக்கி வருகிறான், ஒன்றிரண்டு இடம்தான் ஏறவேண்டும், கேட்பது இரண்டு இரண்டாம் சுற்று பிக் அல்லது பெஞ்சிலிருக்கும் ஒரு ஆள் என்றால் யோசிக்காமல் கொடுத்துவிடுவேன்.